ரசச்சட்டி அளவு

அளவு டேப் என்னிடம் இல்லை.
தலைகளைப் பாத்திரத்தால் அளக்கிறேன்.
பால் சொம்பு என்றால் எதிர்வீட்டு சார்லஸின் பயல்.
இட்லிக் குண்டான், சார்லஸேதான்,
கேரட் மூட்டை தூக்கித் தூக்கி
கழுத்தைத் தொலைத்தவன்.
ரசச்சட்டி நடுத்தரம்.
இந்த லைனில் பாதித் தலை ரசச்சட்டி.

ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி வந்து ஹாரன் அடிக்கும்.
கேத்தி பாலாடாவில் அந்நேரம்
கேரட்டைத் தவிர எல்லாரும் நடுங்குவார்கள்.
போன டிசம்பரில் ஆறு குல்லா கொடுத்தேன்.
கேட்டவர் இல்லை, வேண்டாம் என்றவரும் இல்லை.
சூசை மட்டும் தன் குல்லாவைக் கழற்றி
அதில் பத்து முட்டை வாங்கிவந்தான்,
ஒன்றுகூட உடையவில்லை என்று பெருமையாக.
அன்றிலிருந்து அவன் தலையில் அது
தொங்குகிறது, இன்னும் முட்டை இருப்பது போல.

புது நூல் வாங்கக் கட்டுப்படியாகாது.
மகனுக்குக் குட்டையாகிப்போன
பள்ளிக்கூட மெரூன் ஸ்வெட்டரைப் பிரித்தேன்.
நூல் இடியாப்பமாய்ச் சுருண்டு கிடந்தது.
இட்லித் தட்டில் பரப்பி ஆவி காட்டினேன்,
பத்து நிமிஷத்தில் நெளிவு போயிற்று.
மறுநாள் இட்லியில் லேசாக ஸ்வெட்டர் வாசம்.
சட்னியில் ஒரு மிளகாய் கூட வைத்து அரைத்தேன்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பருப்புக்கு மூணு விசில்.
குல்லாவுக்கு எண்பது கண்ணி.
ரெண்டையும் ஒரே வாயால் எண்ணினால்
பருப்பு கூழாகும், இல்லையென்றால் குல்லா கோணும்.
நேற்று ரெண்டும்.

எட்டுக் குல்லாவுக்குப் பெயர் இருந்தது.
ஒன்பதாவது, மீந்த நூல்தானே என்று
எனக்கே சொல்லிக்கொண்டு ஆரம்பித்தேன்.
பக்கத்துவீட்டுப் பவளக்கொடியோடு பேச்சில்லை, ஆடியிலிருந்து.
ரெண்டு வீட்டுக்கும் ஒரே குழாய்.
என் குடத்தை அவள் நகர்த்தினாள்,
அவள் குடத்தை நான் நகர்த்தினேன்,
பிறகு வார்த்தை நகர்ந்தது.
அவள் சொன்னதில் ஒன்று நிஜம்.
அது ஒன்றுதான் இன்னும் ஆறவில்லை.

அவளுக்குக் கொண்டை பெரிசு.
ரசச்சட்டியைக் கவிழ்த்து
மேலே ஒரு உருளைக்கிழங்கு வைத்து
அளவு பார்த்தேன்.
சிரிப்பு வந்தது. அடுப்படியில் தனியாக,
கிழங்குக்குக் குல்லா மாட்டிக்கொண்டு.

கதவைத் தட்ட மனசு வரவில்லை.
ராத்திரி அந்தக் குழாயில் மாட்டிவிட்டு வந்தேன்.
காலையில் தண்ணீருக்கு வருவாள், எடுப்பாள்,
எடுக்காவிட்டால் போகிறாள்.

விடியும்போது புல்லெல்லாம் உப்புக் கொட்டியிருந்தது.
லைன் முழுக்கக் குழாய்கள் உறைந்து
ஆளாளுக்கு வெந்நீர்ச் செம்போடு நின்றார்கள்.
எங்கள் குழாயில் குல்லா அப்படியே இருந்தது.
இல்லை, அப்படியே இல்லை.
கழுத்துவரை இழுத்துவிட்டு
கேரட் மூட்டைக் கயிற்றால் ரெண்டு சுற்றுச் சுற்றி
இறுக்கிக் கட்டியிருந்தாள்.

இரும்புக்குப் போட்டாளா என் பின்னலை?
நின்றேன், காது சுட்டது அந்தக் குளிரிலும்.
திருகினேன்.
தண்ணீர் வந்தது.
அப்போதுதான் கீழே பார்த்தேன்.
என் குடத்தை மறுபடியும் நகர்த்தியிருந்தாள்,
தன் குடத்துக்கு முன்னால்.

சாயங்காலம் தக்காளி இல்லாமல்
புளியும் நாலு பல் மலைப்பூண்டும் தட்டிப்போட்டு ரசம்.
சுவர் அந்தப் பக்கம் அவள் கடுகு வெடித்தது,
கொஞ்சம் கருகவிட்டாள், வழக்கம்போல.
ரசத்தை வேறு ஏனத்தில் ஊற்றி
சட்டியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தேன்.
உருளைக்கிழங்கைத் தேடினால்
சூசை அதை மத்தியானமே பொரியலுக்கு நறுக்கியிருந்தான்.
பரவாயில்லை, கொண்டை நினைவிருக்கிறது.

குழாய் அதை வைத்துக்கொள்ளட்டும்.
மெரூன் தீர்ந்துவிட்டது.
போட்டிருக்கும் என் ஸ்வெட்டரின் கைநுனியில்
முடிச்சு எங்கே என்று
பல்லால் தேடிக்கொண்டிருக்கிறேன்.